அரைக் கட்டை

ஜொஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த பெட்டியில் நான்கு குறுந்தட்டுகள்.
இல்டா ஃபெரோனி, மிலான், 1911 முதல் 1913 வரை.
கரகரப்பு நீக்கியது, கீறல் நீக்கியது,
வேகம் திருத்தியது என்று
கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில்.
அந்த மூன்றாவதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஜன்னல்களைச் சாத்தினேன்.
டோங்காட்டில் இது கரும்பு கொளுத்தும் மாதம்,
துணி காயப்போட்டவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லும் மாதம்.
ஒலிபெருக்கி மேல் ஒரு கரித்துகள்.
தொட்டால் கோடாகிவிடும், தொடவில்லை.
பொத்தானை அமுக்கினேன்.

யாரோ பாடினார்கள்.

மூச்சை இழுக்கிற இடம் அதேதான்.
இரண்டாம் அடியில் பிடில்காரர் ஒருவர் முந்திக்கொள்வதும் அப்படியே.
ஆனால் இவள் கனத்தவள்.
மாடி ஏறி வந்து, கைப்பையைக் கீழே வைத்து,
ஒரு நிமிஷம் கழித்துப் பேசத் தொடங்குகிறவள்.
எனக்குத் தெரிந்த இல்டாவுக்குப் படிகளே கிடையாது.

எழுபத்தாறில்
ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டிய வெள்ளைக்காரர் வீட்டு ஏலத்தில்
பதினேழு தட்டும் ஒரு சுழல்மேசையும் நாலு ராண்டுக்கு எடுத்து வந்தான்
என் தம்பி பூபாலன்.
சர்க்கரை ஆலையில் ஃபிட்டர்.
மோட்டார் சோம்பேறி என்றான்.
தண்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றினான், கேட்டான்.
இன்னொரு சுற்று. கேட்டான்.
மூன்றாவதில் எழுந்து நின்றுவிட்டான்.
“இதான். பதினெட்டு வயசுப் பொண்ணு.”
அளவுகோல் அவன் காது.
அதற்கு அப்போது இருபத்துமூன்று வயது.

கோயில் ஹார்மோனியத்தை இரவல் வாங்கி
அவள் இழுத்து நிறுத்தும் கடைசிச் சுரத்தைத் தேடினோம்.
ஆறு கட்டை. வெள்ளைக் கட்டை.
அதன்மேல் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான்.
குருக்களிடம் வசவு வாங்கியது நான்.

இன்று தேடினால் ஐந்தரை.
பக்கத்துக் கறுப்புக் கட்டை.
டர்பன் அரங்குகளின் வாசலில்
எங்களை நிறுத்தித் திருப்பி அனுப்பிய வருஷங்களில்
வீட்டுக்குள் நாங்கள் அவளை வெள்ளையில் பதிந்துவைத்திருந்தோம்,
அவள் பாட்டுக்குக் கறுப்பில் இருந்திருக்கிறாள்.
இந்த நாட்டில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது.
அவர்களும் இப்படித்தான் கண்ணால் பார்த்து எழுதினார்கள்.

எங்கள் தட்டில் அந்தப் பாட்டு மூன்று நிமிடம் நாற்பத்துநாலு வினாடி.
இதில் மூன்று ஐம்பத்தெட்டு.
மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிய கை, சும்மா இருக்காது:
வாரத்துக்கு ஒருமுறை, முப்பது வருஷம், பதினான்கு பதினான்காக.
ஆறு மணி நேரம் அவளிடம் பிடுங்கியிருக்கிறோம்.

பெர்த்தில் மணி இரவு பத்து.
அங்கேதான் அவனும் போனான், ஏலம் போட்டவர்கள் போன திசையில்.
தொலைபேசியை ஒலிபெருக்கியிடம் பிடித்தேன்.

“யாரு இது?”
“இல்டா.”
“இல்ல.”
கொஞ்ச நேரம் கழித்து,
“எத்தன வயசு அவளுக்கு, பாடுறப்போ?”
புத்தகத்தைப் புரட்டிச் சொன்னேன். நாற்பத்தேழு.
அவன் சிரிப்பான் என்று காத்திருந்தேன்.
“இன்னொரு தடவ போடு, அக்கா.”

போட்டேன். கடைசிச் சுரம் எழும்பி நின்றபோது
நாலு மணி மின்வெட்டு.
பழைய சுழல்மேசையென்றால் குரல் சரிந்து, தடித்து,
ஆணாகி, மாடாகி, அப்புறம்தான் அடங்கும்.
இது வெட்டியது போல நின்றது.

நின்ற இடத்திலிருந்து அவன் எடுத்தான்,
இருமலுக்கு இடையே, அந்தக் கரையிலிருந்து.
ஹார்மோனியத்துக்கு மின்சாரம் வேண்டாமே.
துருத்தியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு
இருட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.
புள்ளி வைத்த கட்டை.

“டேப்ப உரிச்சிடவா?” என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் குழாய் திறக்கும் சத்தம்,
தம்ளர் நிறையும் சத்தம்.